உத்தரியம் என்றால் மேல்துண்டு

ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், வார இதழ்களிலிருந்து கிழித்து பைண்டு செய்து வைத்திருந்த ஒரு சரித்திரத் தொடர்கதை கையில் கிடைத்தது. கதாநாயகன் பல்லவனா சோழனா என்பதுகூட இப்போது நினைவில்லை. ஓரிடத்தில் இளவரசன் கோபமாக எழுந்து, நழுவிய உத்தரீயத்தைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு மண்டபத்தை விட்டு வெளியேறுவான். அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. எனக்குத் தெரிந்த உத்தரியம் ஒன்றே ஒன்றுதான், கத்தோலிக்கர்கள் கழுத்தில் போட்டுக்கொள்வது. தபால்தலையைவிடச் சற்றே பெரிய இரண்டு காப்பி நிறக் கம்பளித் துண்டுகள், அவற்றை இணைக்கும் இரண்டு நாடாக்கள். ஒரு துண்டு நெஞ்சிலும் மற்றது முதுகிலும் கிடக்கும். அம்மாச்சி அதை ரவிக்கைக்குள் போட்டிருப்பாள். ஆக, இளவரசன் ஏதோ ஒரு காலத்தில் ஞானஸ்நானம் வாங்கியிருக்கிறான், அதைக் கதாசிரியர் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அது நழுவியது ஏன், அதை எதற்குத் தோளில் இழுத்துப் போட வேண்டும் என்பதுதான் புரியவில்லை.

அம்மாச்சியிடம் போய்க் கேட்டேன். கதையை விட்டுவிட்டு, சொல்லை மட்டும். "மாதா உத்தரிக்கிற ஸ்தலத்துல இருந்து நம்மளத் தூக்கி விடுறாள்ல? அதனால அதுக்குப் பேரு உத்தரியம்" என்றாள். யோசிக்கவே இல்லை. அவளுடைய அம்மா அவளிடம் சொல்லியிருப்பாள், அவளிடம் ஓர் உபதேசியார் சொல்லியிருப்பார். காதுக்கும் சரியாகத்தான் இருந்தது. உத்தரிக்கிற ஸ்தலம் என்றால், செத்த ஆத்துமாக்கள் மோட்சத்துக்குப் போகுமுன் பாவத்துக்கான தண்டனையைப் பட்டுத் தீர்க்கும் இடம். உத்தரிக்கிற ஸ்தலம், உத்தரியம். நான் அடுத்த ஏழெட்டு வருடங்கள் அதை நம்பினேன். மறைக்கல்வி வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தேன்.

அம்மாச்சியின் உத்தரியத்துக்கென்று சில ஒழுங்குகள் இருந்தன. குளிக்கும்போதும் கழற்ற மாட்டாள். புதனும் சனியும் கவிச்சி கிடையாது. சனிக்கிழமை பெருமாளுக்குத்தான் இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவளும் மறுத்ததில்லை. வேர்வையும் சோப்பும் ஏறி, துணியில் அச்சடித்த படம் அழிந்து, நாடா நைந்துபோனால் ஜூலை 16, கார்மேல் மாதா திருநாள் அன்று புதிது மாற்றுவாள். முதல் உத்தரியத்தைத்தான் சாமியார் செபம் சொல்லிப் போட்டுவிட வேண்டும். அப்புறம் மாற்றிக்கொள்வதற்கெல்லாம் அவர் வேண்டியதில்லை. பழையதைக் குப்பையில் போடக் கூடாது, மந்திரித்த பொருள். எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் புதைக்க வேண்டும். எங்கள் வீட்டுச் செம்பருத்திச் செடியடியில் எத்தனை உத்தரியங்கள் மண்ணாகியிருக்கின்றன என்று கணக்கில்லை.

கேரளத்துக்கு வாக்கப்பட்டுப் போன சின்னம்மா ஒருத்தி இருந்தாள். அவள் ஊருக்கு வரும்போது அதே பொருளை 'வெந்திங்ஙா' என்பாள். எங்களுக்கெல்லாம் சிரிப்பாக இருக்கும், ஏதோ காய்கறிப் பெயர் மாதிரி. ரொம்ப காலம் கழித்துத்தான் அது போர்த்துகீசியச் சொல் என்று தெரிந்தது. பெந்திஞ்ஞோ, அதாவது ஆசீர்வதித்த சின்னஞ்சிறு பொருள். நாம் சாவியையும் ஜன்னலையும் அலமாரியையும் எடுத்துக்கொண்ட மாதிரி மலையாளம் அதை அப்படியே எடுத்து வாய்க்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டது. தமிழ் ஏன் அப்படிச் செய்யவில்லை என்ற கேள்வி அங்கேதான் எனக்குள் விழுந்தது.

தோள்பட்டையிலிருந்து

லத்தீனில் ஸ்காபுலே என்றால் தோள்பட்டை எலும்புகள். மருத்துவப் படிப்புக்காரர்கள் இன்றும் அந்த எலும்பை ஸ்காபுலா என்றுதான் சொல்கிறார்கள். தோள்பட்டையின் மேல் கிடப்பதால் அந்தத் துணி ஸ்காபுலாரே. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குமுறையின் 55-ஆம் அதிகாரத்தில் என்னென்ன உடை தரவேண்டும் என்று பட்டியல் போடுகிறார். அதில் 'வேலைக்காக ஒரு ஸ்காபுலாரே' என்று வருகிறது. அவ்வளவுதான். அங்கி அழுக்காகாமல் இருக்க முன்னும் பின்னும் தொங்கவிட்ட வேலைத்துணி. அதில் மாதாவும் இல்லை, உத்தரிக்கிற ஸ்தலமும் இல்லை. தோட்டத்தில் மண் கொத்துகிறவனுக்கு மேல் ஒரு மறைப்பு.

அதே பெனடிக்ட், தினமும் இரவுச் செபத்தில் பாடவேண்டிய திருப்பாடல்களில் ஒன்றாக 91-ஆவதை வைத்திருக்கிறார். அவர் தம் சிறகுகளால் உன்னை மூடுவார் என்று நாம் படிக்கும் வரியில், அவர்களுடைய லத்தீன் விவிலியத்தில் சிறகு இருக்க வேண்டிய இடத்தில் ஸ்காபுலே என்ற சொல்லே இருந்தது: தம் தோள்களால் உனக்கு நிழல் தருவார். பகல் முழுக்க ஸ்காபுலாரே போட்டு வேலை செய்துவிட்டு, இருட்டில் நின்று கடவுளின் ஸ்காபுலேயைப் பாடியிருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருவருக்கு அது உறைத்திருக்காதா என்று நான் அவ்வப்போது நினைப்பதுண்டு.

வேலைத்துணி கார்மேல் சபைக்காரர்களின் கைக்கு வந்தபோதுதான் கதை மாறுகிறது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்மேல் மலையில் தவம் செய்துகொண்டிருந்தவர்கள், அங்கே இருக்க முடியாமல் ஐரோப்பாவுக்குப் போகிறார்கள். 1242-இல் இங்கிலாந்தின் எய்ல்ஸ்ஃபோர்டில் ஒரு மடம். அந்தச் சபையின் தலைவர் சைமன் ஸ்டாக்குக்கு 1251 ஜூலை 16 அன்று மாதா காட்சி தந்து, இந்த உடையோடு சாகிறவன் நித்திய நெருப்பில் விழமாட்டான் என்று வாக்குக் கொடுத்ததாக மரபு. அந்தக் காட்சியைச் சொல்லும் எழுத்துகள் நூறாண்டுக்கும் மேல் கழிந்த பிறகுதான் தலைகாட்டுகின்றன. ஆனாலும் பக்தி பரவியது. துறவிகளின் முழு நீளத் துணி, குடும்பஸ்தர்களுக்காகச் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் தபால்தலை அளவுக்கு வந்து சேர்ந்தது. சட்டைக்குள் மறைத்துப் போட்டுக்கொள்ளும் துறவாடை என்று அதைச் சொல்லலாம்.

அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற மறைநூல் அச்சான காலத்தில் கத்தோலிக்கத் தமிழில் போர்த்துகீசியச் சொற்கள் அப்படியே மிதந்துகொண்டிருந்தன. 1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி அதை விட்டு விலகி, இங்கே மரியாதைப்பட்ட சொற்களைத் தேடினார். அன்றைக்கு மரியாதைப்பட்ட சொல் என்றால் பெரும்பாலும் சமஸ்கிருதம். அந்த வழியில் வந்ததுதான் அம்மாச்சியின் சொற்களஞ்சியம் முழுக்க: ஞானஸ்நானம், பாவசங்கீர்த்தனம், சர்வேசுரன். உத்தரியமும் அதே பாதையில் வந்த சொல்தான். உத்தரீயம் என்றால் மேலாடை. இடுப்பில் கட்டியது கீழே, தோளில் போட்டது மேலே. 'உத்' என்றால் மேல். 'உத்தர' என்றால் அதைவிட மேல். வடதிசை உத்தரம் ஆனதும் அந்த மேலிலிருந்துதான். எல்லாவற்றுக்கும் மேல் என்றால் 'உத்தம'. பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு நாங்கள் மூச்சுவிடாமல் ஒப்பித்த உத்தம மனஸ்தாப மந்திரத்தின் உத்தமமும், தோளில் கிடக்கும் உத்தரியமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

மலையின் பெயரைக்கூட ஊரில் விட்டுவைக்கவில்லை. கார்மேல் என்பது எபிரேயத்தில் திராட்சைத் தோட்டத்தோடும் செழுமையோடும் தொடர்புள்ள சொல். எங்கள் உபதேசியாரோ கார் என்றால் மழைமேகம், மேகம் மேலே தெரிந்த மலை கார்மேல் என்று சொல்லிக்கொடுத்தார். சுத்தத் தவறு. ஆனால் அந்த மலையுச்சியில்தான் எலியா இறைவாக்கினர், மூன்றாண்டுப் பஞ்சத்துக்குப் பிறகு, கடலிலிருந்து உள்ளங்கையளவு மேகம் எழுவதைப் பற்றிக் கேள்விப்படுகிறார். கார்மேல் சபையினர் அந்தச் சின்ன மேகத்தை மாதாவின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டார்கள். தவறான வழியில் போய்ச் சரியான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார் உபதேசியார்.

இரண்டு செய்திகளோடு வீட்டுக்குப் போனது

கல்லூரி இரண்டாம் ஆண்டில் தமிழ் வகுப்பில் பேராசிரியர் ஏதோ ஒரு பாட்டுக்கு விளக்கம் சொல்லும்போது, தன் தோளில் இல்லாத ஒரு துண்டைச் சரிசெய்து காட்டி, "உத்தரீயம், மேல்துண்டு" என்றார். ஏழாம் வகுப்பு இளவரசன் எழுந்து வந்து என் முன்னால் நின்றான். அன்று மாலையே நூலகத்துக்குப் போனேன். அடுத்த சில வாரங்களில் தெரிந்துகொண்டதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். கூடவே இன்னொன்றும் கிடைத்தது.

அம்மாச்சி புதனும் சனியும் கவிச்சி தவிர்ப்பதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. உத்தரியம் அணிந்து சில ஒழுங்குகளைக் கடைப்பிடித்தவர்களை, அவர்கள் செத்த பிறகு வரும் முதல் சனிக்கிழமையே மாதா உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து மீட்டுவிடுவாள் என்ற வாக்குறுதி. 1322-இல் திருத்தந்தை 22-ஆம் யோவான் அதை ஓர் ஆணையாக வெளியிட்டார் என்று சொல்லப்பட்டது. அந்த ஆணை அவருடையதல்ல, பின்னால் வந்த யாரோ அவர் பெயரில் எழுதியது என்பதுதான் வரலாற்றாசிரியர்களின் முடிவு. 1613-இல் ரோமையே இதில் ஒரு நடுவழி எடுத்தது. கார்மேல் சபையாரின் ஆன்மாக்களுக்கு மாதா, குறிப்பாகச் சனிக்கிழமையில், உதவி செய்வாள் என்று மக்கள் நம்பலாம், அதைப் பிரசங்கிக்கவும் செய்யலாம். ஆனால் மாதா உத்தரிக்கிற ஸ்தலத்துக்குள் இறங்குவதாகப் படம் வரையக் கூடாது. இதைப் படித்த கையோடு வீட்டுச் சுவரில் தொங்கிய கண்ணாடிப் படத்தை நினைத்துப் பார்த்தேன். கீழே தீ, தீக்குள் கை நீட்டும் ஆத்துமாக்கள். மாதா மேகத்தின் மேல்தான் இருக்கிறாள், கீழே இறங்கவில்லை. சம்மனசுகள், அதாவது வானதூதர்கள்தான் குனிந்து தூக்குகிறார்கள். முந்நூறு வருடத்துக்கும் மேல் பழைய ஓர் உத்தரவு எங்கள் வீட்டுச் சுவர் வரைக்கும் வந்து ஒழுங்காக அமலாகியிருந்தது.

ஆக, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது என்னிடம் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, உத்தரியத்துக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்துக்கும் சம்பந்தம் இல்லை, அது வெறும் மேல்துண்டு. இரண்டு, சனிக்கிழமைக் கணக்குக்கு ஆதாரமான ஆணை போலி. பத்தொன்பது வயது. இரண்டையும் சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன்.

இரவுச் செபம் முடிந்து அவள் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தபோது முதலாவதைச் சொன்னேன். பேராசிரியர் சொன்னதை, லத்தீனை, தோள்பட்டை எலும்பை எல்லாம் சேர்த்து. இடிப்பதை நிறுத்தினாள்.

"மேல்துண்டா? ஆம்பளைக தோள்ல போடுறதா?"

"ஆமா அம்மாச்சி. பொம்பளைகளும் போட்டாங்க. அந்தக் காலத்து முந்தானைன்னு வச்சுக்கயேன்."

"அப்ப மாதா தன் முந்தானையக் கிழிச்சுக் குடுத்திருக்கா." கொஞ்சம் யோசித்தாள். "நல்ல பேருதான். முந்தானைன்னா பிள்ளைக்கு மூக்கத் தொடைக்கலாம். வெயிலுக்குத் தலையில போடலாம். காசு முடிஞ்சு வைக்கலாம். கீழ விழுந்த பிள்ள அதப் புடிச்சுத் தொங்கி எந்திரிக்கலாம். தூக்கி விடுறதுன்னு நான் சொன்னதும் அதத்தான?"

நான் விடவில்லை. அது வேறு சொல், இது வேறு சொல், ஒன்றிலிருந்து ஒன்று வரவில்லை என்றேன்.

"ஏன், ஒரு ஆளுக்கு ரெண்டு பேரு இருக்கக் கூடாதா? ஒனக்கு ஞானஸ்நானப் பேரு ஒண்ணு, கூப்பிடுற பேரு ஒண்ணு."

என்று சொல்லிவிட்டு மறுபடி இடிக்க ஆரம்பித்தாள். அவள் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கலாம் என்று போனவன் நான். அவளோ நான் கொண்டுபோனதையும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். இரண்டாவது செய்தி தொண்டையிலேயே நின்றுவிட்டது. அன்றைக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் உயிரோடிருந்த பதினோரு வருடங்களில் ஒரு நாளும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காமலே ஒன்று சொன்னாள். "ஒங்க தாத்தா பெரிய தெருவுல நுழையிறப்ப துண்ட எடுத்துக் கக்கத்துல இடுக்கிக்குவாரு. இடுப்புலயும் கட்டுவாரு. தோள்ல மட்டும் போட மாட்டாரு. போட விட மாட்டானுக. இதக் கழட்டச் சொல்லி எவனும் கேட்டதில்ல." நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

இதை எழுதும்போதும் அந்த இடத்தில் கை நிற்கிறது. துண்டு நம் ஊரில் வெறும் துணியாக இருந்ததே இல்லை. யார் தோளில் போடலாம், யாரைக் கண்டால் இறக்க வேண்டும் என்பதற்கெல்லாம் சட்டம் இருந்தது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்துச் சீலை போடுவதற்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டு, 1859-இல்தான் அரசாணை வந்தது. தோள்சீலைக் கலகம் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில், துறவிகளின் வேலைத்துணிக்கு உத்தரியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெரிய மனிதர் தோளில் போடும் மேலாடையின் பெயர். அதை நாற்று நடுகிறவளின் கழுத்திலும் போட்டுவிட்டிருக்கிறார்கள். சொல்லைத் தேர்ந்தவர் இவ்வளவையும் யோசித்திருக்க மாட்டார் என்பது என் ஊகம். அவருக்குத் தோளில் கிடக்கும் துணிக்கு ஒரு கௌரவமான சொல் வேண்டியிருந்தது, எடுத்தார். ஆனால் சொல் போன இடத்தில் என்ன செய்யும் என்பது எடுத்தவர் கையில் இல்லை.

இதை வைத்துத் திருச்சபையைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ளவும் எனக்கு இஷ்டமில்லை. எல்லோருக்கும் ஒரே உத்தரியத்தைப் போட்டுவிட்ட அதே கோவில்களில்தான் சாதிக்குச் சாதி இடம் பிரித்து உட்காரவைத்தார்கள். வடக்கன்குளத்தில் கோவிலைப் பிரித்து நின்ற சுவரை 1910-இல்தான் இடித்தார்கள். தாத்தா துண்டை இறக்கிய தெருவிலும் கத்தோலிக்க வீடுகள் உண்டு.

உத்தரிக்கிறது என்றால்

அம்மாச்சி சேர்த்துப் பார்த்த இன்னொரு சொல்லையும் விட்டுவிட முடியாது. லத்தீனில் புர்காத்தோரியும் என்றால் தூய்மையாக்கும் இடம். அழுக்கு நீக்குதல் என்பதுதான் அதன் வேர். அந்தப் பெயர்ச்சொல்லே 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பிறந்தது, அதற்கு முன் 'தூய்மையாக்கும் நெருப்பு' என்பது மாதிரி அடைமொழியாகத்தான் இருந்தது என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ழாக் லெ கோஃப் எழுதினார். 1274-இல் லியோன், 1439-இல் புளோரன்ஸ், 1563-இல் திரெந்து என்று திருச்சபையின் பொதுச்சங்கங்கள் வரிசையாக அதைப் பற்றிப் பேசின. தமிழில் அழுக்கு நீக்குவது இல்லை. உத்தரித்தல் என்றால் ஈடுசெய்தல், பட்டதைப் பட்டுத் தீர்த்தல். யாழ்ப்பாணத்தில் இன்றும் சமயம் எதுவும் கலக்காமல், கஷ்டப்படுவதற்கு உத்தரிக்கிறது என்பார்கள். லத்தீன்காரன் செத்த பிறகு துணி துவைக்கப் போகிறான். நாம் கடன் அடைக்கப் போகிறோம்.

அம்மாச்சிக்கு இந்த வினைச்சொல் அன்றாடப் புழக்கத்தில் இருந்தது. மருமகளிடம் சண்டை போட்டுவிட்டு, "இங்கயே உத்தரிச்சு முடிச்சிட்டேன், அங்க போயி வேற உத்தரிக்கணுமா?" என்பாள். ஸ்தலம் என்பதை நான் சின்ன வயதில் வேளாங்கண்ணி மாதிரி பஸ்ஸில் போகும் ஊர் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு நான் மட்டும் காரணமில்லை, ஸ்தலம் என்ற சொல்லே அப்படித்தான் இழுக்கும். 1999-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒரு மறைக்கல்வி உரையில் அது ஓர் இடமல்ல, ஒரு நிலை என்று தெளிவாகச் சொன்னார். இப்போதைய தமிழ்ப் புத்தகங்களிலும் ஸ்தலம் போய் உத்தரிப்பு நிலை, தூய்மை பெறும் நிலை என்றெல்லாம் வருகிறது. பூசை திருப்பலியாகி, ஞானஸ்நானம் திருமுழுக்காகி, சுவிசேஷம் நற்செய்தியாகிப் பழைய சொற்கள் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்ற பிறகும், உத்தரியம் மட்டும் இன்னும் உத்தரியமாகவே இருக்கிறது. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததற்கு ஒரு காரணம், அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லாததாகவும் இருக்கலாம்.

உத்தரித்தல் என்ற சொல்லைப் பிரித்தாலும் முன்னால் நிற்பது அதே 'உத்' தான். மேலே ஏறு, கரையேறு, தூக்கி எடு. ஆக இரண்டு சொற்களும் நேரடி அக்கா தங்கை இல்லை என்றாலும், ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள். அம்மாச்சி சொன்ன தாய்மகள் உறவு தவறு. ஒரே குடும்பம் என்று அவள் காது சொன்னது தவறில்லை. இது தெரிந்தபோது அவள் இல்லை. இருந்திருந்தாலும் பெரிதாக மகிழ்ந்திருக்க மாட்டாள். 'நாந்தான் அப்பவே சொன்னேனே' என்றிருப்பாள்.

வால்மீகியின் சீதை, ராவணன் தூக்கிப் போகும்போது தன் உத்தரீயத்தில் நகைகளை முடிந்து, மலையில் உட்கார்ந்திருக்கும் வானரங்கள் நடுவே போடுவாள். பின்னால் சுக்ரீவன் அதை எடுத்து வந்து காட்ட, ராமன் அடையாளம் கண்டு அழுவான். மேல்துண்டு ஓர் ஆளை இன்னாருடையவள் என்று காட்டிக்கொடுத்துவிடும். கார்மேல் சபைக்காரர்கள் உத்தரியத்தைப் பற்றிச் சொல்வதும் இதையேதான்: மாதாவின் உடை, அவளுடைய பிள்ளை என்பதற்கு அடையாளம். இரண்டாம் யோவான் பவுல் தாமும் நெடுங்காலமாக உத்தரியம் அணிபவர் என்று 2001-இல் அந்தச் சபைக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். அந்த இடத்தில் அவரும் அம்மாச்சியும் ஒன்று. இருவரும் சனிக்கிழமையைக் கணக்குப் பார்த்துப் போட்டார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதில்தான் எனக்கு இன்னும் ஆறாத ஒன்று இருக்கிறது. அந்த இரண்டாவது செய்தியை ஏன் சொல்லவில்லை? பெரியவள் மனதைப் புண்படுத்த வேண்டாம் என்றுதான் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், கேட்பவர்களிடமும் சொன்னேன். ஆனால் முதல் செய்தியை அவள் வாங்கிய விதத்தைப் பார்த்தவன் நான். மேல்துண்டு என்றதும் உடைந்துபோகவில்லை. மேல்துண்டை வைத்து என்னென்ன செய்யலாம் என்று எண்ணத் தொடங்கினாள். போலி ஆணை என்று சொல்லியிருந்தாலும் ஏதாவது சொல்லியிருப்பாள், நான் எதிர்பார்க்காத ஏதாவது. அது என்ன என்று யோசித்து யோசித்துப் பார்த்திருக்கிறேன், அவள் குரலில் ஒன்றும் வரவில்லை. அவளால் தாங்க முடியாது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். படித்தவனுக்கு இருக்கும் திமிர்தான் அது. இரக்கம் என்ற பெயரில் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது.

அவள் செத்தது ஒரு வியாழக்கிழமை. உறவினர் ஒருவர் விரல்விட்டு எண்ணி, "நாளைக்கு மறுநாள் சனி, கொடுத்து வச்சவ" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை சொல்லாததில் வருத்தமும் இல்லை.

குளிப்பாட்டிப் புதுச்சேலை கட்டிய பிறகு, உத்தரியம் எது போடுவது என்று ஒரு சின்னப் பேச்சு வந்தது. துணிக்குப் பதிலாக உலோகப் பதக்கம் போட்டுக்கொள்ளலாம் என்று 1910-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் அனுமதி கொடுத்திருக்கிறார். வீட்டில் அப்படி ஒன்று, வெள்ளியில், இருந்தது. வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், போட்டோ எடுப்பார்கள், அதுதான் பார்க்க நன்றாக இருக்கும் என்றார் சித்தி. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "துணிதான் போடணும்னு சொல்லிட்டுப் போயிருக்கு." டிரங்குப் பெட்டியில், கோவிலில் வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த ஒன்று கிடைத்தது. அம்மா அதைப் போட்டுவிட்டாள், ஆனால் அவசரத்தில் இரண்டு துண்டும் நெஞ்சிலேயே கிடந்தன. ஒன்று முதுகுக்குப் போக வேண்டும். யாருக்கும் மறுபடி உடம்பைத் தூக்க மனம் வரவில்லை. நான் குனிந்து, இடது கையால் அவள் தோளைக் கொஞ்சம் உயர்த்தி, வலது கையால் ஒரு துண்டை நாடாவோடு அடியில் தள்ளினேன். அவளிடம் கனமே இல்லை. துணி எங்கேயோ தடுத்தது. விரலை விட்டுத் தடவினேன், தோள்பட்டை எலும்பு. அதன் மேல் துணியை விரித்துவிட்டுக் கையை உருவிக்கொண்டேன்.